6.6 கோடியா, 43 கோடியா? நடுத்தர வர்க்கத்தை அளக்கும் கோல்கள்

இந்தியாவில் நடுத்தர வர்க்கம் தேய்கிறதா, வளர்கிறதா? யாராவது கேட்டால், எந்தக் கோலால் அளந்தீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2021 மார்ச்சில் போட்ட கணக்குப்படி, 9.9 கோடியாக இருந்திருக்க வேண்டிய நம் நடுத்தர வர்க்கம் கொரோனாவில் 6.6 கோடியாகச் சுருங்கிவிட்டது. பிரைஸ் என்ற இந்திய ஆய்வு அமைப்போ 2020-21இல் 43 கோடிப் பேர், அதாவது மக்கள்தொகையில் 31 சதவீதம் என்றது. ஒரே நாடு, ஏறக்குறைய ஒரே ஆண்டு!

பியூவின் கோல் உலகத்துக்கே பொது: ஆளுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 டாலர். வங்கியில் மாற்றும் டாலர் அல்ல, நாட்டுக்கு நாடு உள்ள விலைவாசி வித்தியாசத்தைச் சரிக்கட்டிய டாலர். நாடுகளை ஒப்பிட இது உதவும். ஆனால் கொரோனாவில் சுருங்கியது என்பது கதவைத் தட்டிக் கண்டுபிடித்ததல்ல. பொருளாதார வளர்ச்சிக் கணிப்பு இறங்கியதை வைத்துப் போட்ட கணக்கு. பிரைஸ் வீடு வீடாகப் போய்க் கேட்டது. ஆனால் அதன் வரம்பு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் முதல் 30 லட்சம் வரை. மாதம் 42 ஆயிரம் வருகிற வீடும் இரண்டரை லட்சம் வருகிற வீடும் ஒரே பந்தியில்!

சரி, வரம்பை எங்கே வைத்தாலும், வருமானத்தைக் கேட்பதா, செலவைக் கேட்பதா என்ற வழக்கு தீராது. அரசு பல காலமாகச் செலவைத்தான் கேட்டு வந்திருக்கிறது. 1960களில் வருமானத்தையும் கேட்டுப் பார்த்தார்கள். ஜனங்கள் சொன்ன வருமானம், செலவையும் சேமிப்பையும் கூட்டினால் வரும் தொகையை எட்டவில்லை. எல்லாம் பொய் என்று சொல்ல மாட்டேன். டிபன் கடை நடத்துகிறவர் கல்லாவிலிருந்தே காய்கறிக்கும் கொடுப்பார், பிள்ளையின் பஸ் காசுக்கும் கொடுப்பார். மாத வருமானம் என்ன என்றால் அவரிடம் ஏது பதில்?

செலவு அப்படியில்லை, கேட்டால் நினைவுக்கு வரும். அரசின் 2022-23 செலவுக் கணக்கெடுப்பில் சாப்பாடு, மற்ற அன்றாடச் செலவு, நீடித்த பொருள்கள் என்று பிரித்து ஒரே வீட்டுக்கு மூன்று முறை போனார்கள். அடுத்த ஆண்டுக் கணக்கில் ஆளுக்கு மாதம் கிராமத்தில் 4,122 ரூபாய், நகரத்தில் 6,996 ரூபாய் வந்தது. இரண்டில் ஒன்றென்றால் நான் செலவுப் பக்கம்தான்.

ஆனால் தேய்வைப் பிடிக்க இந்தக் கோலும் போதாது. நகையை அடகு வைத்துப் பள்ளிக் கட்டணம் கட்டினாலும், சம்பளம் கூடிக் கட்டினாலும் செலவுக் கணக்கில் ஒன்றுதான். வாடகை செலவில் சேரும், வீட்டுக் கடன் தவணை சேராது. அதனால் 12 ஆயிரம் வாடகையை விட்டு 25 ஆயிரம் தவணைக்கு மாறிய குடும்பம், கணக்கில் சிக்கனமாகிவிட்டதாகத் தெரியும். 2022-23இல் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு, அதாவது வாங்கிய கடனைக் கழித்த பிறகு நிற்கும் சேமிப்பு, நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 5 சதவீதத்துக்கு இறங்கியதையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் தெளிகிறது.

தமிழக அரசு 2023இல் மகளிர் உரிமைத் தொகைக்கு வேறு வழி பிடித்தது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் என்ற நிபந்தனையை மட்டும் நம்பாமல், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்றும் சேர்த்தது. மீட்டருக்கு மழுப்பத் தெரியாது என்பது உண்மைதான். அப்புறம், ஒரே மீட்டரில் மாடியில் அண்ணன் குடும்பமும் கீழே தம்பி குடும்பமும் இருக்கிற வீட்டில், அந்த யூனிட்டை யார் தலையில் எழுதுவது?