படிவம் 4-இல் புவியியல்: தோட்டப் பட்டணத்துப் பிள்ளைக்குக் கட்டுப்படியாகுமா?

புவியியல் 'லேசான பாடம்' என்று யாராவது சொன்னால் நம்பி எடுக்க வேண்டாம். இது கை வேலை. அளவுகோல், கோணமானி, பென்சில் மூன்றும் பழகிய பிள்ளைக்கு மதிப்பெண் தானாகச் சேரும். குறிப்புப் புத்தகத்தை மட்டும் உருப்போடும் பிள்ளை வரைபடக் கேள்வியிலேயே தடுமாறும். மலேசிய இடைநிலைப்பள்ளியில் படிவம் 1 முதல் 3 வரை எல்லாரும் படித்தாக வேண்டிய பாடம், 4-இல் விருப்பப் பாடமாக மாறுகிறது. அங்கேதான் 'எடுக்கலாமா' என்ற கேள்வி வீட்டுக்கு வருகிறது. சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தை போன்ற தோட்டப்புற ஊரை மனத்தில் வைத்து எழுதுகிறோம். பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருந்தாலும் வாயில் பழைய பெயர்தானே வருகிறது!

முதலில் வரைபடம். 1:50,000 அளவில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. கட்டம் ஒன்று 2 செ.மீ. சதுரமாக இருக்கும். ஆறு இலக்கக் கட்ட எண்ணுக்கு அந்த 2 செ.மீ.யை மனத்தால் பத்தாகப் பிரிக்க வேண்டும்; ஒரு பங்குக்கு 2 மி.மீ. 374152 என்றால் கிழக்கே 37-ஆம் கோட்டைத் தாண்டி 4 பங்கு, வடக்கே 15-ஆம் கோட்டைத் தாண்டி 2 பங்கு. முதலில் நட, பிறகு ஏறு. இதைத் தலைகீழாக வாசித்தால் ஆற்றுக்கு நடுவே பள்ளிக்கூடம் வந்துவிடும்.

பயிற்சித் தாள்களில் ஒரு குறையை அடிக்கடி பார்க்கலாம். ஏ3 வரைபடத்தை ஏ4-க்குச் சுருக்கி நகல் எடுத்துக் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். சுருக்கியதும் கட்டம் 1.4 செ.மீ. ஆகிவிடும், ஆனால் அடியில் 1:50,000 என்ற எழுத்து அப்படியே இருக்கும். உண்மையில் அந்தத் தாளின் அளவு ஏறக்குறைய 1:70,000. சாலை 7 செ.மீ. வந்தால் பிள்ளை 3.5 கி.மீ. என்று எழுதும், சரியான விடை கிட்டத்தட்ட 5 கி.மீ. வரைபடத்திலேயே கோடாக வரைந்திருக்கும் கோட்டு அளவுகோல் மட்டும் படத்தோடு சேர்ந்தே சுருங்குவதால் ஏமாற்றாது. பணம் கொடுப்பதற்கு முன் அளவுகோலை ஒரு கட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள். 2 செ.மீ. இல்லையென்றால் அந்தக் கட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம்.

அடுத்த குழி பெயரிங், அதாவது கோணத் திசை. 'பெயரிங் சுடுத்தான் பெஜபாட் போஸ் டாரி செகோலா' என்று கேட்டால், நிற்க வேண்டிய இடம் பள்ளி, பார்க்க வேண்டிய இடம் அஞ்சலகம். தமிழில் 'பள்ளியிலிருந்து அஞ்சலகம்' என்று புறப்படும் இடத்தை முதலில் சொல்லிப் பழகிய பிள்ளை, மலாய் வாக்கியத்திலும் முதலில் வரும் இடத்தில் போய் நிற்கிறது. விடை சரியாக 180 பாகை மாறிப்போகும். 060 வர வேண்டிய இடத்தில் 240 வரும். 'டாரி'க்குப் ('இருந்து') பின்னால் வரும் இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, அங்கிருந்து வடக்கு நோக்கி ஒரு கோடு இழுத்த பிறகே கோணமானியைத் தொட வேண்டும். கணிதப் பெட்டியில் வரும் அரைவட்டக் கோணமானியில் இன்னொரு வம்பு உண்டு. இலக்கு இடப்பக்கம் இருந்தால் வடக்கிலிருந்து இடஞ்சுழியாக 75 என்று காட்டும். 360-இல் கழித்து 285 என்று எழுத வேண்டும். முழுவட்டக் கோணமானி வாங்கிக் கொடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

தட்பவெப்பக் குறிவரைவில் மழைக்குப் பட்டை, வெப்பநிலைக்குக் கோடு. வெப்பநிலைப் புள்ளி அந்த மாதப் பட்டையின் நடுவுக்கு நேராக வர வேண்டும், ஓரத்தில் அல்ல. ஆண்டு மழை என்பது 12 மாதக் கூட்டுத்தொகை. ஆண்டுச் சராசரி வெப்பநிலை என்றால் கூட்டி 12-ஆல் வகுக்க வேண்டும். வெப்பநிலை வீச்சு என்பது மிக அதிகத்திலிருந்து மிகக் குறைவைக் கழித்தது. மூன்றையும் ஒரே கணக்காகப் போட்டுவிடுகிறார்கள். தலைப்பு, அச்சுப் பெயர், அலகு விடுபடுவதும் வழக்கம்தான். நம் ஊர்க் கோடு ஏறக்குறைய தட்டையாக வந்தால் தப்பு செய்துவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம். நிலநடுக்கோட்டுத் தட்பவெப்பம் என்பதே அதுதான்.

தோட்டத்துப் பிள்ளைக்கு இந்தப் பாடம் கொடுக்கும் பெரிய வசதி வேறு. நாட்டில் வணிகத்துக்காக முதன்முதல் செம்பனை நட்டது 1917-இல், இந்தப் பட்டணத்துப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். 'தொழிற்சாலை அமைவிடக் காரணிகள்' என்ற தலைப்பை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் கொழுப்பமிலம் கூடி எண்ணெய்த் தரம் கெடும். குலையின் எடையில் எண்ணெய் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான், மீதியை லாரியில் நெடுந்தூரம் சுமப்பது வீண் செலவு. அதனால் ஆலை தோட்டத்தை ஒட்டி நிற்கிறது. கிடைக்கும் எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலைகளோ கிள்ளான் துறைமுகம் போன்ற இடங்களில் நிற்கின்றன. ஒரே குலையை வைத்து மூலப்பொருள், துறைமுகம் என்ற இரண்டு காரணிகளையும் எழுதிவிடலாம். சிலாங்கூர் ஆறு வளையும் இடத்தில் வெளிக்கரை அரிபடும், உள்கரையில் மணல் படியும். வளைவு அறுந்து தனித்து நிற்கும் ஏரிக்கு மலாயில் தாசேக் லாடாம் என்று பெயர். அந்த 'லாடாம்' நம் குதிரை லாடம்தான், தமிழிலிருந்து போனது. இதை ஒருமுறை சொல்லிவிட்டால் பிள்ளை மறக்காது.

களப்பணியில் கெட்டுப்போவது பெரும்பாலும் தலைப்பு. 'ஆற்றுத் தூய்மைக்கேடு' என்று எடுத்தால் எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது? அதற்குப் பதில் கடைத்தெருவின் இரண்டு வரிசைகளில் எந்தக் கடை எத்தனை என்று எண்ணலாம். சந்திப்பில் காலையும் மாலையும் 15 நிமிடம் வாகனம் எண்ணலாம். எண்ணியதை அன்றே அட்டவணையாக்க வேண்டும், மறுநாள் நினைவிலிருந்து எழுதினால் எண்கள் தாறுமாறாகும். பழைய ஈய லம்பக் (சுரங்கக்) குட்டைகள் நிலப்பயன்பாட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு. தூரத்தில் நின்று படம் எடுப்பதோடு சரி. கரை செங்குத்து, ஆழமும் தெரியாது, பிள்ளைகளைத் தனியே அனுப்பக் கூடாது.

யாருக்கு வேண்டாம்? மலாய் வாசிப்பு இன்னும் தடுமாறும் பிள்ளைக்கு இது சுமைதான். 'ஹக்கிசான்' (அரிப்பு), 'பெமென்டாப்பான்' (படிதல்), 'பாண்டாங் டாராட்' (நிலத்தோற்றம்) போன்ற சொற்களைத் தமிழ்ப் பொருளோடு ஒரு நோட்டில் எழுதிப் பழகாவிட்டால், தெரிந்த விடையைக்கூட எழுத முடியாது. நில அளவைத் துறைதான் குறி என்றால் புவியியல் மட்டும் போதாது, கணிதமும் இயற்பியலும் கேட்பார்கள். ஆறாம் படிவத்தில் எஸ்.டி.பி.எம். தேர்வு எழுத நினைப்பவருக்கு இது நல்ல அடித்தளம்; அங்கேயும் புவியியல் ஒரு பாடம்.

பாட எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. மலாய், ஆங்கிலம், வரலாறு, கணிதம், நன்னெறி, அறிவியல் என்று ஆறு. தமிழ்மொழி, தமிழ் இலக்கியம் சேர்த்தால் எட்டு. ஒன்பதாவதாகப் புவியியல் தாராளமாக உட்காரும். புவியியலுக்கு இடம் தேடித் தமிழைக் கைவிடுவது வேண்டாத வேலை. ஆனால் எந்தப் பாடம் எந்தத் தொகுப்பில் வரும் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆள் குறைவு, ஆசிரியர் இல்லை என்றால் வகுப்பே நடக்காது. படிவம் 3 முடிவதற்குள் பள்ளிக்குப் போய் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: புவியியல் எந்தத் தொகுப்பில் இருக்கிறது, அதே நேரத்தில் தமிழ் வகுப்பு இருக்கிறதா?

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான்: முழுவட்டக் கோணமானி, 30 செ.மீ. கண்ணாடி அளவுகோல், கூரான பென்சில் இரண்டு, கட்டத்தாள், ஓர் அட்லஸ். வளைந்த சாலையை அளக்க நூல் வேண்டாம், இழுத்தால் நீளும். நேரான காகித விளிம்பை வளைவுக்கு வளைவு திருப்பி, ஒவ்வொரு திருப்பத்திலும் புள்ளி வைத்துக்கொண்டே போனால் அளவு பிசகாது.