ஆன்டிக் பினிஷ் என்று தகட்டை அரிக்கவிட்டுப் போனார்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பெயின்ட் மங்கிய பழைய அலமாரிகளைப் பார்த்து ஆசைப்பட்டு, அதே மாதிரி வீட்டில் செய்துகொள்ள நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஆள் பிடியுங்கள்.

எங்கள் ஹால் அலமாரியின் தேக்குக் கதவுகளில், சிஎன்சி என்ற கம்ப்யூட்டர் மெஷினில் பூ டிசைன் வெட்டிய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடுகள். அவற்றைப் பழசு போலாக்கித் தருகிறேன் என்றார் ஒரு பெயின்டிங் கான்ட்ராக்டர். மொத்தம் 18,000 ரூபாய், அட்வான்ஸ் 12,000. கொட்டேஷனில் ‘எட்ச் பிரைமர்’ (உலோகத்தில் பெயின்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் பூச்சு) என்று தனி வரியே போட்டுக் காசு வாங்கினார்.

மழைக்காலம் வந்ததும் பூ இதழ்களின் ஓரத்தில் பெயின்ட் உப்பியது. நகத்தால் லேசாக நெம்பினேன். அப்பளம் மாதிரி ஒரு துண்டு முழுசாகக் கழன்று வந்தது. அடியில் பளபளவென்று துத்தநாகம். பிரைமர் பூசிய தடமே இல்லை. சாதாரண எண்ணெய் எனாமலை ஜி.ஐ. மேல் நேராக அடித்தால், அது துத்தநாகத்தோடு வினைபுரிந்து இடையில் சோப்புப் படலம் உண்டாகும். அப்புறம் எவ்வளவு விலையுயர்ந்த பெயின்டாக இருந்தாலும் நிற்காது.

ஓரங்களில் செய்தது இன்னும் மோசம். துரு தெரியவேண்டும் என்று கிரைண்டரால் துத்தநாகத்தை உரசியெடுத்து, பாத்ரூம் ஆசிட் தடவியிருக்கிறார்கள். கூட வந்த பையனே சொன்னான். சரியாகக் கழுவாமல் மேலே லாக்கர் (lacquer) என்கிற பளபளப்புப் பூச்சு வேறு. துளைகளில் தங்கிய ஆசிட் அரித்துக்கொண்டே இருந்து, துருத் தண்ணீர் தேக்குச் சட்டத்தில் வழிந்து கறையாகிவிட்டது.

போனில் கேட்டால், “சார், பழசுன்னா உரியத்தானே செய்யும்?” என்கிறார்!

வேலை தெரிந்தவர் வெறும் தகடு தெரியுமளவுக்குத் தேய்க்கவே மாட்டார். தின்னரால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, எட்ச் பிரைமர் அடித்து, செம்பழுப்பில் அடிக்கோட் கொடுப்பார். கைப்பிடியைச் சுற்றியும் மூலைகளிலும் மட்டும் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டு மேல்கோட் அடிப்பார். காய்ந்தபின் சுரண்டினால் மெழுகு பட்ட இடம் மட்டும் உரிந்து பழுப்பு தெரியும். பள்ளங்களில் அம்பர் (umber) என்ற கரும்பழுப்பு நிறத்தை நீர்க்கப் பூசித் துடைத்து, கடைசியில் மேட் கிளியர், அதாவது பளபளப்பில்லாத நிறமற்ற பூச்சு. எங்கள் கதவிலோ கையே எட்டாத உச்சி வரைக்கும் ஒரே சீராகத் தேய்த்திருந்தார்கள். நிஜமாகப் பழசான எதுவும் அப்படித் தேயாது.

நல்லவேளை, தாத்தா காலத்துப் பெட்டியின் தகரத்தை அவரிடம் கொடுக்கவில்லை. அதையும் தண்ணீர் நனைக்காமல் காய்ந்தபடியே சாண்ட்பேப்பர் போடத் தயாராக இருந்தார். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. பழைய பெயின்ட்டில் ஈயம் நிறையவே இருக்கலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தத் தூசி பறக்கக்கூடாது.

பிரைமர் போடுகிற அன்று கூடவே நில்லுங்கள், டப்பாவைக் கண்ணால் பாருங்கள். முதலில் ஒரு துண்டுத் தகட்டில் சாம்பிள் செய்யச் சொல்லி, ஒரு வாரம் கழித்து அதன்மேல் செலோடேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள்.

பாக்கி 6,000 கேட்டு அவர் இன்னும் போன் செய்துகொண்டிருக்கிறார். உரிந்த துண்டுகளை ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.