கோச் சண்டைக்கு 25 டாலர்: கென்பாம் சந்தா கட்டலாமா?

மார்ச் வந்துவிட்டால் அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பால் ரசிகர்களுக்கு இரண்டு ஆட்டங்கள் தொடங்கிவிடும். ஒன்று என்சிஏஏ டோர்னமென்ட், அதாவது தேசியக் கோப்பைக்கான, தோற்றால் வெளியே என்ற போட்டி. இன்னொன்று, நம்ம டீம் கோச்சை வீட்டுக்கு அனுப்பினால் அடுத்து யார் என்ற சண்டை. சீக்கிரம் தோற்று வெளியே வந்த டீமின் ரசிகனுக்கு இரண்டாவதுதான் முழுநேர வேலை. அந்தச் சண்டைக்காகவே நான் கென்பாம் என்ற பாஸ்கெட்பால் புள்ளிவிவரத் தளத்துக்குச் சந்தா கட்டுகிறேன், ஆண்டுக்குச் சுமார் 25 டாலர். கொடுத்த காசுக்குத் தகும். ஆனால் அடுத்த கோச் யார் என்று அது கை காட்டிவிடும் என்று நம்பி வாங்காதீர்கள். சண்டையில் எதிராளி அள்ளிவிடும் சொத்தை வாதத்தை உடைக்கத்தான் அது உதவும், அதில் அதை மிஞ்ச ஆள் இல்லை.

இதை நடத்துபவர் கென் பொமராய். வானிலைத் துறையில் வேலை பார்த்தவர், அப்புறம் பாஸ்கெட்பால் கணக்குக்கு வந்தார். அடிப்படை எளிது: ஒரு டீம் 100 பொசஷனில், அதாவது பந்து 100 முறை கைக்கு வந்தால், எத்தனை புள்ளி எடுக்கிறது, எத்தனை கொடுக்கிறது, எதிரணி எவ்வளவு பலமானது, ஆட்டம் யாருடைய மைதானத்தில் நடந்தது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு வரிசைப்படுத்துகிறார்கள். ஆட்டத்துக்கு இத்தனை புள்ளி என்று சராசரியை மட்டும் வைத்துப் பேசுகிறவர்களை இது உடனே வாயடைக்கும். "அறுபது புள்ளி எடுக்கிற போரடிக்கிற ஆட்டம் நமக்கு வேண்டாம்" என்று, வர்ஜீனியாவை மெதுவாக ஆடவைத்த டோனி பென்னட் பாணி கோச்சுகளைத் தள்ளுகிறவர்கள் 2019 வர்ஜீனியா பக்கத்தைத் திறந்து பார்க்கட்டும். வேகத்தில் நாட்டிலேயே கடைசி வரிசை, ஆனால் ஒவ்வொரு பொசஷனிலும் எடுத்த புள்ளியைப் பார்த்தால் முதல் சில இடங்களுக்குள். அந்த ஆண்டு கோப்பையும் அவர்களுக்குத்தான்.

முதல் பக்கத்து ரேங்க் பட்டியல் இலவசம். காசு கொடுப்பது உள்ளே இருப்பவற்றுக்கு, எனக்கு முக்கியமாக கோச் பக்கத்துக்கு. ஒருவர் தலைமைக் கோச்சாக இருந்த சீசன்கள் எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக வரும்: ரேங்க், தாக்குதல், தடுப்பாட்டம், வேகம். ஒரு பெயர் அடிபட்டதும் நான் முதலில் பார்ப்பது, வந்த முதல் ஆண்டுக்கும் மூன்றாம் ஆண்டுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதைத்தான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தவரா, தள்ளி ஓட வைத்தவரா என்று அதிலேயே பாதி தெரிந்துவிடும். அடுத்து 'லக்' என்று ஒரு கட்டம். டீம் ஆடிய ஆட்டத்துக்கு எத்தனை வெற்றி வந்திருக்க வேண்டும், நிஜத்தில் எத்தனை வந்தது, அந்த இடைவெளிதான் அது. ஒரு புள்ளி, இரண்டு புள்ளியில் வரிசையாக ஜெயித்துக் கழுத்து நிமிர்ந்த கோச்சை அடுத்த ஆண்டு இந்தக் கட்டம் கீழே இறக்கும், பெரும்பாலும்.

2024 ஏப்ரலில் கென்டக்கி ரசிகர்கள் பட்ட பாடு நினைவிருக்கும். டோர்னமென்ட் தரவரிசையில் எங்கோ கீழே 14ஆம் சீட்டாக இருந்த ஓக்லாண்டிடம் தோற்ற கையோடு அவர்கள் கோச் ஜான் கலிபாரி ஆர்கன்சாவுக்குக் கிளம்பிவிட்டார். யூகான் கோச் டான் ஹர்லி வேண்டும், பேய்லர் கோச் ஸ்காட் ட்ரூ வேண்டும் என்று எல்லாரும் கேட்டார்கள், இரண்டு பேரும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டார்கள். கடைசியில் பிஒய்யுவிலிருந்து (பிரிகம் யங் பல்கலைக்கழகம்) வந்தவர் மார்க் போப். அன்றைக்கு எழுந்த கூச்சலில் பெரும் பங்கு ஒரே வரிதான்: தலைமைக் கோச்சாக என்சிஏஏ டோர்னமென்ட்டில் ஒரு வெற்றிகூட இல்லையே! உண்மைதான், ஆனால் அந்தப் பூஜ்யம் இரண்டே ஆட்டங்களின் பூஜ்யம், 2021-இல் ஒன்று, 2024-இல் ஒன்று. 2020-இல் அவரிடம் நல்ல டீம் இருந்தது, கொரோனாவால் டோர்னமென்ட்டே நடக்கவில்லை. 2023-24 சீசனில் பிக் 12 என்ற லீக்குக்குப் புதிதாக வந்த அவருடைய டீமுக்கு 14-இல் 13ஆம் இடம்தான் கிடைக்கும் என்று கணித்திருந்தார்கள், லீக் ஆட்டங்களில் 10-8 (பத்து வெற்றி, எட்டுத் தோல்வி) என்று முடித்தது. இதெல்லாம் கோச் பக்கத்தில் இருந்து ஆரம்பித்தால் பத்து நிமிட வேலை. அவர் பெயரைக் கேட்டதும் கொதித்த அதே ரசிகர்கள் சில நாளில் கென்டக்கியின் சொந்த மைதானமான ரப் அரீனாவை நிரப்பி வரவேற்றார்கள் என்பது வேறு கதை (1996 சாம்பியன் டீமில் ஆடியவர், பாசம் இருக்கத்தானே செய்யும்). முதல் சீசனிலேயே ஸ்வீட் 16, அதாவது டோர்னமென்ட்டின் கடைசி 16 டீமுக்குள்.

சரி, எங்கே கைவிடும்? லூயிவில்லைப் பாருங்கள். 2022-இல் பழைய ஆட்டக்காரர் கென்னி பேனை அழைத்து வந்தார்கள். "நம்ம ஆள், வீரர்களைச் சேர்ப்பதில் கில்லாடி" என்றார்கள். அதற்கு முன் எங்கும் தலைமைக் கோச்சாக இருந்ததில்லை என்பதால் கோச் பக்கத்தில் பார்க்க எதுவும் இல்லை. 4-28, அடுத்த ஆண்டு 8-24. உதவிக் கோச்சுகளைப் பற்றி வாயே திறக்காத கருவி இது, தேடலில் பாதிப் பெயர் அவர்களாக இருந்தால் காசு வீண். பின்னால் வந்த பேட் கெல்சிக்கு சார்ல்ஸ்டனில் நல்ல பதிவு இருந்தது, முதல் ஆண்டே 27-8.

இடம் மாறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லாது. கோச் ஷாகா ஸ்மார்ட் விசியு பல்கலைக்கழகத்தில் 2011 ஃபைனல் ஃபோர் (கடைசி நான்கு டீம்) மட்டும் இல்லை, அதற்குப் பிறகும் ஆண்டுக்கு ஆண்டு நன்றாகவே இருந்தார். எண்ணைப் பார்த்து எடுத்தால் டெக்சாஸ் செய்தது தப்பே இல்லை. ஆனால் அங்கே ஆறு சீசனில் என்சிஏஏ டோர்னமென்ட்டில் ஒரு வெற்றி இல்லை. பிறகு மார்க்கெட் (Marquette) பல்கலைக்கழகத்துக்குப் போய் 2023-இல் பிக் ஈஸ்ட் லீக்கை வென்றார், அதே ஆள்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய குறை. 2021-க்குப் பிறகு ஆட்டமே மாறிவிட்டது. வீரர்கள் கல்லூரி மாறப் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து அவர்கள் சம்பாதிக்கும் என்ஐஎல் பணம், பிறகு 2025-26 முதல் கல்லூரிகளே வீரர்களுக்குப் பணம் பகிரலாம் என்ற ஏற்பாடு (அந்த ஆண்டு உச்சவரம்பு 20.5 மில்லியன் டாலர்). கோச் போனால் பாதி டீம் கூடவே போகிறது. கோச் டஸ்டி மே எஃப்ஏயு (ஃபுளோரிடா அட்லாண்டிக்) பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த அடுத்த சீசனிலேயே 8-24 மிச்சிகன் 27-10 ஆனதில் புது வீரர்களின் பங்கு எவ்வளவு, அவர் பங்கு எவ்வளவு என்று எந்தக் கட்டமும் பிரித்துக் காட்டாது. 2015 பதிவை எடுத்து வைத்து இன்றைக்கு வாதாடுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும்.

தோற்றம் பழசு. எங்கு பார்த்தாலும் அட்டவணை, விளக்கம் குறைவு, போனில் பார்த்தால் கண் வலிக்கும். பார்ட் டோர்விக்கின் தளம் ஏறக்குறைய இதே வேலையை இலவசமாகச் செய்கிறது, அதில் தேதி வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம், ஜனவரிக்குப் பின் ஒரு டீம் எப்படி மாறியது என்று தெரியும். உங்கள் கோச் பத்திரமாக இருக்கிறார், சும்மா பார்க்கத்தான் என்றால் அது போதும். கோச் ஆட்டம் காண்கிறார் என்றால் பிப்ரவரி வாக்கில் கென்பாமுக்குக் கட்டிவிடுங்கள், பெயர்கள் வெளியே வரும் முன் படித்து வைக்க நேரம் கிடைக்கும்.