‘திவாலி’ முதல் ‘டில் ஷைலோ’ வரை: டான்ஸ்ஹாலுக்கு ஆல்பம் பொருந்துமா?

ஜமைக்காவின் நடன இசையான டான்ஸ்ஹாலை ஆல்பமாகக் கேட்பது நல்லதா, தனிப்பாடல்களாகக் கேட்பது நல்லதா என்ற கேள்வியை ஆராய, லண்டனின் கிரீன்ஸ்லீவ்ஸ் நிறுவனம் 2000-களின் தொடக்கத்தில் வெளியிட்ட ‘திவாலி’ தொகுப்பு மிகப் பொருத்தமான பொருள். முதல் பாடலிலிருந்து கடைசிப் பாடல் வரை அதில் பின்னணி இசை ஒன்றேதான். பாடுபவர்களும் சொற்களும் மெட்டும் மட்டுமே மாறுகின்றன. ஜமைக்காவில் ரிடிம் என்று அழைக்கப்படும் இத்தகைய இசைத்தடம்தான் டான்ஸ்ஹாலின் அடிப்படை அலகு என்பதை ஒப்புக்கொள்ளாமல், அந்த இசையின் ஆல்பங்களைப் பற்றி எந்த மதிப்பீடும் செய்ய முடியாது. ஆகவே, இந்தத் தொகுப்பை முதன்மையாக எடுத்துக்கொண்டு, ஷான் பாலின் ‘டட்டி ராக்’, பூஜு பேண்டனின் ‘டில் ஷைலோ’, வைப்ஸ் கார்டெலின் ‘கிங்ஸ்டன் ஸ்டோரி’ ஆகிய மூன்று ஆல்பங்களையும் அதனருகே வைத்துப் பார்க்கிறேன்.

லெங்கி என்று அறியப்படும் ஸ்டீவன் மார்ஸ்டன் உருவாக்கிய திவாலி ரிடிமின் உயிர் அதன் கைதட்டலில் இருக்கிறது. நாம் எதிர்பார்க்கும் இடத்தில் விழாமல் சற்றே முன்னும் பின்னும் விழும் அந்தத் தட்டல், காதைவிட இடுப்பையே முதலில் எட்டுகிறது. இதே தடத்தின் மீது வெய்ன் வொண்டர் தேன்போன்ற குரலில் ‘நோ லெட்டிங் கோ’ என்ற காதல் பாட்டைப் பாடினார். பவுண்டி கில்லர் கரகரத்த தொண்டையில் சேரி மக்களின் துயரத்தைச் சொல்லும் ‘சஃபரர்’ பாடலைத் தந்தார். ஷான் பாலின் ‘கெட் பிஸி’ 2003 மே மாதத்தில் அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசையில் முதலிடத்துக்கு ஏறியது. அதே ஆண்டில் லூமிடி என்ற நியூயார்க் பாடகியின் பாடலும், இதே தடத்தைக் கொண்டே, அந்தப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை சென்றது. ஒரே ஈற்றடியைக் கொடுத்துப் புலவர்கள் ஒவ்வொருவரையும் வெண்பா பாடச் சொன்னால் யாருடைய கற்பனை எவ்வளவு தூரம் போகிறது என்பது எப்படித் தெரிந்துவிடுமோ, அப்படித்தான் இங்கும்: பின்னணி மாறாததால், பாடுபவரின் திறமைக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், இந்தத் தொகுப்பை ஒரே அமர்வில் கேட்க வேண்டும் என்று யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நான்கைந்து பாடல்களுக்குப் பின் அந்தக் கைதட்டல் சலிப்பூட்டத் தொடங்குகிறது. நடுவில் வரும் சில பாடல்கள், தடம் பிரபலமாக இருந்ததால் மட்டுமே பதிவு செய்யப்பட்டவை என்ற எண்ணத்தைத் தருகின்றன. ஆனால் குறை ரிடிமில் இல்லை, அதை அடைத்துக் கொடுத்திருக்கும் முறையில்தான் இருக்கிறது. கிங்ஸ்டன் நகரின் நடனக் கூட்டங்களில் ஒலிபெருக்கிக் குழுவின் செலக்டர், அதாவது தட்டுகளைத் தேர்ந்து போடுபவர், ஒரு ரிடிமின் பாடல்களை முழுமையாக ஓட விடுவதில்லை. ஒரு பாடலின் முதல் சரணம் முடிவதற்குள் அடுத்ததற்குத் தாவுவார், கூட்டம் ஆரவாரித்தால் நிறுத்தித் தொடக்கத்திலிருந்து மீண்டும் போடுவார், ஆரவாரம் அடங்கியதும் வேறு ரிடிமுக்கு நகர்ந்துவிடுவார். ஜக்ளிங் எனப்படும் அந்தக் கலைக்குத் தேவையான கச்சாப்பொருளைத்தான் ‘திவாலி’ தருகிறதே தவிர, அந்தக் கலையைத் தருவதில்லை. ஒவ்வொரு பாடலும் முழு நீளத்தில் ஓடி, நின்று, இடைவெளி விட்டு, மீண்டும் அதே தாளத்தில் தொடங்கும்போது, செலக்டர் இல்லாத வெற்றிடம் நன்றாகவே உறுத்துகிறது.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1960-களின் பிற்பகுதியிலிருந்தே ஜமைக்காவின் ஏழு அங்குல இசைத்தட்டுகளில் ஒரு பக்கம் பாடலும், மறுபக்கம் குரல் நீக்கிய பின்னணியும் வரத் தொடங்கின. மறுபக்கத்தை ஓடவிட்டு, அதன் மீது டீஜேக்கள் (ஜமைக்காவில் இது தட்டு போடுபவரை அல்ல, குரல் கொடுப்பவரைக் குறிக்கும்) தாளத்தோடு பேசினார்கள், பாடினார்கள். ஒரு ரிடிமுக்கு ஒருமுறை செலவு செய்த தயாரிப்பாளர், அதே தடத்தில் பலரைப் பாட வைத்துப் பல தட்டுகளாக விற்க முடிந்தது. பாடகருக்கும் ஒரே நிறுவனத்தைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. 1985-இல் தயாரிப்பாளர் கிங் ஜாமி, கேசியோ நிறுவனத்தின் சிறிய மின்னணு விசைப்பலகை ஒன்றில் முன்பே பதிந்திருந்த தாளத்தைக் கொண்டு ‘ஸ்லெங் டெங்’ ரிடிமை வெளியிட்டபோது, இசைக்குழுவே இல்லாமலும் ரிடிம் செய்யலாம் என்பது உறுதியாகி, செலவு இன்னும் குறைந்தது. இவ்வாறு வளர்ந்த தொழிலில் தனிப்பாடல்தான் இயல்பான சரக்கு. ஒரு பாடகரின் நல்ல பாடல்கள் பல தயாரிப்பாளர்களிடம் சிதறிக் கிடக்கும் என்பதால், ஆல்பம் என்பது பெரும்பாலும் அவற்றைப் பிறகு திரட்டும் வேலையாகவே ஆகிப்போனது.

அந்தத் திரட்டும் வேலையின் மிக வெற்றிகரமான எடுத்துக்காட்டு ‘டட்டி ராக்’. 2002 இறுதியில் வெளிவந்த இந்த ஆல்பம் 2004-இல் சிறந்த ரெகே ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது. ஆனால் அதன் வலிமையான பாடல்கள் ஒவ்வொன்றும் தனித்தனி ரிடிமுக்காகப் பிறந்தவை: ‘கிம்மி தி லைட்’ ஆல்பத்துக்கு முன்பே தனிப்பாடலாகப் புகழ்பெற்றுவிட்டது, ‘கெட் பிஸி’ மேலே சொன்ன திவாலி தடத்தில் அமைந்தது. அந்தப் பாடல்களில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீளும் ஆல்பத்தில் அவற்றுக்கு இடையே செருகப்பட்டிருக்கும் பேச்சுத் துண்டுகளும், ஹிப்ஹாப் பாடகர்களை அழைத்து அமெரிக்க வானொலிக்காகச் செய்த ஒட்டுவேலைகளும்தான் சோர்வைத் தருகின்றன. ‘கெட் பிஸி’யைத் திவாலியின் மற்றப் பாடல்களுக்கு நடுவே கேட்கும்போது, மற்றவர்கள் மெட்டைத் தேடிக்கொண்டிருக்கையில் ஷான் பால் எவ்வளவு குறைந்த சுரங்களில் காரியத்தை முடித்துவிடுகிறார் என்பது புரிகிறது. ‘டட்டி ராக்’கில் அந்த ஒப்பீடு இல்லை, எனவே அதே பாடல் அங்கே இன்னொரு நல்ல பாடலாக மட்டுமே நின்றுவிடுகிறது.

இதற்கெல்லாம் நேர்எதிராக நிற்பது 1995-இல் வந்த ‘டில் ஷைலோ’. தனிப்பாடலே போதும் என்று வாதிடுபவர்களுக்கு இந்த ஆல்பத்தை விளக்குவது கடினம். அதுவரை சண்டையும் சரசமும் பாடிக்கொண்டிருந்த இளம் டீஜே ஒருவர் ராஸ்தஃபாரி என்ற ஜமைக்கச் சமய நெறிக்குத் திரும்பும் மாற்றம் இதில் பாடல் பாடலாகப் பதிவாகியிருக்கிறது. அந்தச் சமயத்தாரின் நையாபிங்கி முழவுகளின் மீது எழும் ‘டில் ஐம் லெய்ட் டு ரெஸ்ட்’, ஏறக்குறைய கிதார் ஒன்றை மட்டும் துணையாகக் கொண்டு வறுமையைப் பேசும் ‘அன்டோல்ட் ஸ்டோரீஸ்’ ஆகியவை நடனக் கூட்டத்தின் நடுவே செலக்டர் போடுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. சக டீஜே பேன்ஹெட் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து எழுந்த ‘மர்டரர்’ முதலில் தனிப்பாடலாக வந்ததுதான். ஆனால் தனியே கேட்கும்போது கோபமாக மட்டும் ஒலிக்கும் அந்தப் பாடல், ஆல்பத்தில் மனமாற்றத்துக்கான காரணமாகவும் ஒலிக்கிறது. அதே ஆல்பத்தில் ‘சாம்பியன்’ போன்ற முழுமையான ஆட்டப் பாடலும் இருப்பது சிலருக்கு முரணாகத் தோன்றலாம். எனக்கு அது நேர்மையாகவே படுகிறது. மனம் மாறியவர் அடுத்த நாளே ஆடுவதை நிறுத்திவிட வேண்டும் என்று யார் சொன்னது?

‘கிங்ஸ்டன் ஸ்டோரி’ (2011) இன்னொரு வழியை முயன்றது. புரூக்ளினைச் சேர்ந்த டிரே ஸ்கல் என்ற ஒரே தயாரிப்பாளரின் இசையில் முழு ஆல்பத்தையும் கார்டெல் பாடினார். ஆகவே ஒலியில் ஒருமை இருக்கிறது, திணிக்கப்பட்ட விருந்தாளிகள் இல்லை, நீளமும் அளவாக இருக்கிறது. கார்டெலின் சொல்லாட்சியை அமைதியாக உட்கார்ந்து கேட்க விரும்புபவருக்கு இதைவிட வசதியான நுழைவாயில் இல்லை. ஆனாலும் இதே ரிடிமில் போட்டியாளர் ஒருவர் நாளையே தன்னை மிஞ்சிவிடக்கூடும் என்ற பதற்றம் இந்த ஆல்பத்தில் கிடையாது. அந்தப் பதற்றம்தான் கார்டெலின் தனிப்பாடல்களுக்குக் கூர்மை தந்தது என்பது என் கணிப்பு.

வாங்குவது பற்றி: ‘டில் ஷைலோ’வை முழு ஆல்பமாக, வரிசை மாற்றாமல் வாங்கிக் கேளுங்கள். ‘டட்டி ராக்’கில் தேவையான நான்கைந்து பாடல்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இழப்பு எதுவும் இல்லை. ‘கிங்ஸ்டன் ஸ்டோரி’ கார்டெலை ஏற்கெனவே விரும்புபவர்களுக்கு. ‘திவாலி’யைப் பொறுத்தவரை, ஐந்து நட்சத்திரங்களில் நான்கு தருவேன், குறைத்த ஒன்று, பாடல்களைப் பிணைத்துக் கோக்காமல் விட்டதற்காக. 2008-இல் கிரீன்ஸ்லீவ்ஸ் நிறுவனத்தை நியூயார்க்கின் வி.பி. ரெக்கார்ட்ஸ் வாங்கியது. அந்தப் பழைய ரிடிம் தொகுப்புகளை இணையச் சேவைகளில் தேடுபவர்கள், பாடகரின் பெயரைவிட ரிடிமின் பெயரைக் கொடுத்துத் தேடுவதே பயன் தரும். கிடைத்த பாடல்களை நீங்களே ஒரு பட்டியலில் சேர்த்து, பாடல்கள் ஒன்றன்மேல் ஒன்று கலந்து மாறும் வசதியைப் பத்து நொடிக்கு அமைத்துக் கேட்டால், வெளியீட்டாளர் செய்யாமல் விட்ட வேலையின் பாதியாவது நடந்துவிடும்.