வேலை முடிந்த பிறகு: ஸ்லீப்பா, ஹைபர்நேட்டா, ஷட்டவுனா?

பெங்களூர் அல்சூரில் 12 பேர் உட்கார்ந்து கணக்கு எழுதும் சின்ன அலுவலகம் எங்களுடையது. காலை 6 மணிக்குப் பெருக்க வரும் அக்கா ஒருநாள் கேட்டார், "ஏன் தம்பி, ஆளே இல்லாத ரூம் எப்படி இவ்வளவு சூடா இருக்கு?" நாங்கள் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். கீழே 12 கம்ப்யூட்டர் பெட்டிகளும் ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டிருந்தன. அன்று சாயங்காலமே வாட் மீட்டர் ஒன்று வாங்கி, ஒவ்வொரு நிலையிலும் அளந்து பார்த்தேன்.

முதலில் நேரக் கணக்கு. காலை 10 முதல் இரவு 7 வரை, வாரத்துக்கு 6 நாள் என்றால் 54 மணி நேரம். வாரத்தில் மொத்தம் 168. ஆக, 114 மணி நேரம் நாற்காலிகள் காலி. நாங்கள் வேலை செய்யும் நேரத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக அந்த இயந்திரங்கள் சும்மா ஓடியிருக்கின்றன.

அப்படியே ஓடவிட்டால், மானிட்டர் இல்லாமல் ஒரு பெட்டிக்கு ஏறக்குறைய 45 வாட். 12 பெட்டிக்கு வாரத்தில் 61 யூனிட்டுக்கு மேல், வருடத்தில் சுமார் 3,200 யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால் இரண்டு டன்னைத் தாண்டுகிறது. அதிலும் இது பெரும்பாலும் ராத்திரிச் செலவு. கர்நாடகத்தின் பாவகடாவில் அவ்வளவு பெரிய சூரிய மின் பூங்கா இருந்தும், இருட்டிய பிறகு அது கைகொடுக்காது. அப்போது ராய்ச்சூர் மாதிரி நிலக்கரி நிலையங்களைத்தான் கூடுதலாக நம்ப வேண்டியிருக்கிறது. ஸ்கிரீன் சேவர் ஓடினால் மிச்சமாகும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய கண்ணாடிக் குழாய் மானிட்டரில் ஒரே படம் நின்று தடம் விழாமல் இருக்க வந்த ஏற்பாடு அது. மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்து ஸ்லீப், அதாவது திறந்த வேலையை அப்படியே வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் தூங்கும் நிலை. மீட்டர் 3 வாட் காட்டியது. 12 பெட்டிக்கும் சேர்த்து வாரத்துக்கு 4 யூனிட் சொச்சம். ஷட்டவுன் செய்து, சுவர் சுவிட்சை மட்டும் போட்டே வைத்தால் 1 வாட், அதாவது ஒன்றரை யூனிட்டுக்கும் கீழே. ஹைபர்நேட்டும் (திறந்த வேலையை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைவது) அதே அளவுதான். இதைப் பார்த்ததும்தான் எனக்குத் தெளிவானது: ஓடவிடுவதற்கும் ஸ்லீப்புக்கும் நடுவில் 57 யூனிட் வித்தியாசம், ஸ்லீப்புக்கும் ஷட்டவுனுக்கும் நடுவில் 3 யூனிட்கூட இல்லை. அதனால் இந்த மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை மின்சாரக் கணக்கு மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

பெங்களூரில் முடிவு செய்வது மழைதான். ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் காற்றோடு மழை அடித்தால் மரக்கிளை விழும், கரண்ட் போகும். ஸ்லீப்பில் திறந்திருக்கும் வேலை எல்லாம் ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில் இருக்கிறது. ரேமுக்குத் தொடர்ந்து கொஞ்சம் மின்சாரம் வேண்டும். யுபிஎஸ் பேட்டரியும் தீர்ந்தால் சேமிக்காத வேலையும் போய்விடும். எங்களில் ஒருவருக்கு ஜிஎஸ்டி தாக்கல் வாரத்தில் அரை நாள் வேலை இப்படித்தான் போனது. ஹைபர்நேட் அதே விஷயங்களை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணைந்துவிடும். கரண்ட் போனாலும், பிளக்கைப் பிடுங்கினாலும் காலையில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஷட்டவுன் தப்பில்லை. ஆனால் இருபது கோப்புகளைத் திறந்து வைத்திருப்பவரிடம் எல்லாவற்றையும் மூடச் சொன்னால் இரண்டு நாள் செய்வார், மூன்றாம் நாள் ஓடவிட்டுப் போவார். நான் கண்ணால் பார்த்தது இது. அந்த ஒரே காரணத்துக்காக டெஸ்க்டாப்புக்கு ஹைபர்நேட் என்பதுதான் என் முடிவு. விண்டோஸில் அது மெனுவில் தெரியாமல் இருக்கலாம். கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் பவர் பட்டனுக்கான அமைப்புக்குள் போய் டிக் போட்டால் வந்துவிடும். பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் காலையில் எழ ஒரு நிமிடம்கூட ஆகும். எஸ்எஸ்டி என்ற வேகமான புது வகை டிஸ்க் என்றால் அந்தக் காத்திருப்பே தெரியாது. சனிக்கிழமை கிளம்பும் முன் ஒரு ரீஸ்டார்ட் கொடுத்து, விண்டோஸ் புதிதாகத் தொடங்கியதும் ஹைபர்நேட் செய்துவிடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் (சீக்கிரம் எழுவதற்கான வசதி) இயங்கும் விண்டோஸில் ஷட்டவுன்கூட முழுசாகப் புதிதாகத் தொடங்காது, ரீஸ்டார்ட்தான் தொடங்கும்.

அடிக்கடி அணைத்தால் கம்ப்யூட்டர் கெடும் என்ற பயம் பழையது. டெஸ்க்டாப் ஹார்டு டிஸ்க்குகள் பல பத்தாயிரம் முறை நின்று ஓடுவதைத் தாங்கும்படிதான் செய்யப்படுகின்றன. வருடத்துக்கு 300 முறை அதற்கு ஒன்றுமே இல்லை.

நான் எதிர்பார்க்காதது யுபிஎஸ். கம்ப்யூட்டர் அணைந்த பிறகும் ஒவ்வொரு மேசையடியிலும் அது 6 வாட் இழுத்துக்கொண்டிருந்தது. 12 யுபிஎஸ்ஸுக்கு வாரம் 8 யூனிட். ஸ்லீப்பில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் தின்பதைப் போல இரண்டு பங்கு! இப்போது ஹைபர்நேட் ஆனதும் யுபிஎஸ் பட்டனை அணைத்து, அப்புறம் சுவர் சுவிட்சை அணைக்கிறோம். வரிசை முக்கியம்: சுவிட்சை முதலில் அணைத்தால் யுபிஎஸ் பேட்டரிக்குத் தாவிக் கத்த ஆரம்பிக்கும். சுவிட்ச் அணைந்திருக்கும்போது மதர்போர்டில் (உள்ளே இருக்கும் முதன்மைப் பலகை) உள்ள காசு வடிவ சின்ன பேட்டரிதான் கடிகாரத்தை ஓட்டுகிறது. அது கொஞ்சம் சீக்கிரம் தீரலாம். மாற்றுவதற்கு ஆகும் செலவு சொற்பம்.

லேப்டாப்புக்கு இந்தப் பாடு வேண்டாம். உள்ளேயே பேட்டரி இருப்பதால் வார நாளில் ஸ்லீப் போதும், ஞாயிறுக்கு மட்டும் ஹைபர்நேட்.

டேலி என்ற கணக்கு மென்பொருளின் தரவு இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் எங்களிடம் இரவும் ஓடுகிறது, பேக்கப்புக்காக. மற்ற 11-க்கும் விண்டோஸ் அப்டேட்டையும் வைரஸ் ஸ்கேனையும் மதியம் 1 மணிச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றிவிட்டோம். கடைசியாகக் கிளம்புகிறவர் சுவிட்சுகளைப் பார்த்துவிட்டுத்தான் பூட்டுகிறார். காலையில் வரும் அக்காவுக்கு இப்போது அறை சூடாக இல்லை.