பழத்தோட்டமா, கீரைப் பாத்தியா, இலைமரமா: எங்கள் புளோக் தோட்டத்தில் எடுத்த முடிவு

போன வருடம் சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் பின்புறத் தோட்டத்தில் வேலிக்குள் ஒரு பக்கம் காலியானது. பழைய பாத்திகளின் பலகை உளுத்துவிட்டதால் பிடுங்கிப் போட்டிருந்தோம். அங்கே என்ன வைப்பது என்று குழுவில் மூன்று கட்சி. மா, கொய்யா, பப்பாளி, வாழை என்று ஒரு குட்டிப் பழத்தோட்டம் வேண்டும் என்றது ஒன்று. மறுபடியும் கீரைப் பாத்தியே போடலாம், சனிக்கிழமைதோறும் எல்லாரும் சேர்ந்து அறுவடை செய்யலாம் என்றது இன்னொன்று. நான் மூன்றாவது கட்சி: முருங்கை, கறிவேப்பிலை, அகத்தி என்று இலைக்காக வளர்க்கும் மரங்கள். கடைசியில் நாங்கள்தான் ஜெயித்தோம். அதனால் இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

நாலாவதாக ஒரு வழியும் உண்டு. தேசியப் பூங்காக் கழகம் 2016-இல் ஹார்ட்பார்க் என்ற தோட்டக்கலைப் பூங்காவில் தொடங்கிய வாடகைப் பாத்தி. 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், மூன்று வருடக் குத்தகை, குலுக்கலில் கிடைக்க வேண்டும். கிடைத்தவருக்கு அருமையான பொழுதுபோக்கு. ஆனால் விளைவது அவர் வீட்டுச் சட்டிக்குத்தான் போகும். புளோக்கில் இருக்கும் நாலு பேர் சாப்பிட வேண்டும் என்பது நோக்கமானால் இது கணக்கில் வராது.

பழத்தோட்டத்தின் கவர்ச்சி எனக்கும் புரிகிறது. இந்த ஊரில் சாலையோர மாமரத்தில் காய் தொங்கினாலும், அரசு நிலத்து மரத்தில் அனுமதியில்லாமல் பறிக்க முடியாது. ‘நம்ம மரம், நம்ம பழம்’ என்று சொல்லிக்கொள்ள ஆசை இருக்காதா? அதோடு பழத்தைச் சமைக்க வேண்டியதில்லை. வாடகை வீட்டில் தனியாக இருக்கும் தாத்தா கீரையை ஆய்ந்துகொண்டிருக்க மாட்டார். பப்பாளியென்றால் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டுவிடுவார், பல்கூட வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் பழத்தோட்டக் கட்சி சொன்னதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

ஆனால் மாமரம் பூப்பதற்கு ஒரு வறண்ட காலம் வேண்டும், மண் காய்ந்து மரம் கொஞ்சம் வாட வேண்டும். இங்கே வருடத்துக்கு ஏறக்குறைய 2,100 மில்லிமீட்டர் மழை, 170 நாட்களுக்கு மேல் தூறலோ கொட்டலோ உண்டு. பிப்ரவரி வெயிலில் பூத்தாலும் அடுத்த மழையில் பூ கருகிவிடும். ஒட்டுக்கன்று வைத்தாலும் மூன்று நாலு வருடம் காத்திருக்க வேண்டும். கொய்யாவுக்குப் பழ ஈ. காய் எலுமிச்சை அளவு வந்ததுமே ஒவ்வொன்றுக்கும் பை கட்ட வேண்டும், மிச்சத்தை அணில் பார்த்துக்கொள்ளும். வாழை சீக்கிரம் வரும். ஆனால் இலையடியில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். 2020-இல் இந்தத் தீவில் 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்தது யாருக்கும் மறக்கவில்லை. குழுவில் வாழை என்று யாராவது வாயெடுத்தாலே மூன்றாம் மாடி ஆன்ட்டி முறைப்பார்.

இன்னொன்று, பழம் வந்தால் ஒரே சமயத்தில் வரும். நாற்பது மாங்காய், நூற்றிருபது வீடு. யார் வீட்டுக்குப் போகும் என்று இப்போதே சொல்லிவிடலாம்: விடிகாலை ஐந்தரை மணிக்கு எழுபவர் வீட்டுக்கு.

கீரைப் பாத்தியை நான் குறை சொன்னால் நன்றிகெட்டவன் ஆவேன். ஏழு வருடம் அதில்தான் கை அழுக்கானது. தண்டங்கீரை விதைத்து இருபத்தைந்து, முப்பது நாளில் பிடுங்கலாம், கங்கோங் கீரையும் அப்படித்தான். 2020 மார்ச்சில் மலேசியா எல்லையை மூடப்போகிறது என்ற செய்தி வந்த இரவு பேரங்காடி வரிசை எங்கள் புளோக்கைச் சுற்றி நின்றது. மறுநாள் காலை தோட்டத்தில் கீரை பிடுங்க வந்தவர்களைப் பார்த்துத்தான் இது விளையாட்டு இல்லை என்று எனக்கு உறைத்தது. அந்த வருடமே பூங்காக் கழகம் லட்சக்கணக்கான வீடுகளுக்கு விதைப் பொட்டலம் அனுப்பியது. சாப்பாட்டில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வரும் ஊர். புளோக்குக்குப் பின்னால் நாலு பாத்தி அந்தக் கணக்கை மாற்றாது, அது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வீட்டின் புதன்கிழமைக் குழம்பை மாற்றும்.

அப்படியானால் ஏன் கீரையை விட்டேன்? ஆள்தான் காரணம்.

பாத்திக்கு ஒவ்வொரு மாதமும் மண் கிளற வேண்டும், உரம் போட வேண்டும், விதைக்க வேண்டும், நெருக்கமாக முளைத்ததைக் களைய வேண்டும். மழையில்லாத நாளில் இரண்டு வேளை தண்ணீர். எங்கள் குழுப் பட்டியலில் பதினெட்டுப் பெயர், வருவது ஆறு பேர், அதில் நாலு பேருக்கு வயது அறுபத்தைந்துக்கு மேல். டிசம்பர் பள்ளி விடுமுறை வந்தால் ஒருவர் மதுரைக்கு, ஒருவர் ஜோகூருக்கு. பாத்தியின் பெரும்பகுதியைக் கவனித்துவந்த அங்கிளுக்கு முட்டி அறுவை சிகிச்சை நடந்த வருடம், மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் கீரை இடுப்புயரம் வளர்ந்து பூத்து விதைத்து நின்றது. தண்டைக் கிள்ளினால் நகம் இறங்கவில்லை. அத்தனையும் உரக்குழிக்குப் போனது.

முருங்கைக்கு அந்த மூன்று வாரம் ஒரு பொருட்டே இல்லை. மறந்துவிட்டால் அது பாட்டுக்கு வளரும், அவ்வளவுதான். திரும்பி வந்து இடுப்புயரத்தில் வெட்டிவிட்டால் வெட்டிய இடத்துக்குக் கீழே நாலைந்து கிளை வெடிக்கும். ஏழெட்டு வாரத்தில் மறுபடி பறிக்கலாம். இங்கே பராமரிப்பும் அறுவடையும் ஒரே வேலை, இந்த ஒன்றுக்காகத்தான் நான் மரத்தின் பக்கம் நின்றேன். கீரைப் பாத்தியில் வேலை செய்தால்தான் பறிக்கலாம். இலைமரத்தில் பறிப்பதுதான் வேலை. கறிவேப்பிலைக்கும் அதே கதை: நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கவாட்டில் தழைக்கும், பூங்கொத்தை மட்டும் காய்க்க விடாமல் எடுத்துவிட வேண்டும். விதை வாங்கவில்லை, கன்றும் வாங்கவில்லை. முருங்கை பக்கத்துப் புளோக்கிலிருந்து வந்த கைத்தடி நீளப் போத்து, கறிவேப்பிலை ஒரு பாட்டி வீட்டுத் தொட்டியின் வேர்க்கன்று.

பங்கு பிரிப்பதிலும் சண்டை குறைந்தது. சனிக்கிழமை அறுவடையில் தராசு, கட்டு, பெயர்ப் பட்டியல் என்று ஒரு சின்ன ரேஷன் கடையே நடத்தினோம். இப்போது வேலிக் கதவில் ஒரு அட்டை மட்டும் தொங்குகிறது: ‘ஒரு வேளைச் சமையலுக்கு எவ்வளவோ அவ்வளவு, தோளுக்கு மேல் உள்ள கிளையை விட்டுவிடுங்கள்.’ நாலு மொழியில் எழுதியிருக்கிறோம். எல்லாரும் கேட்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் ஒரு கறிவேப்பிலைச் செடியைக் காம்போடு மொட்டையடித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்றரை மாதத்தில் துளிர்த்துவிட்டது. கீரை வேரோடு போயிருந்தால் போனதுதான்.

நான் எதிர்பாராதது, முருங்கைக்கு இத்தனை மொழி தெரியும் என்பது. தமிழ் வீடுகள்தான் பறிக்கும் என்று நினைத்திருந்தேன். முதல் மாதமே அதிகம் பறித்தது பிலிப்பீன்ஸ் பணிப்பெண்கள். அவர்களுக்கு அது ‘மலுங்கை’, இஞ்சி போட்ட கோழி சூப்பில் கடைசியாகத் தூவுவார்கள். இந்தோனேசியப் பெண் ‘கெலோர்’ என்றார். எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி முட்டை உடைத்து ஊற்றி சூப் வைத்து எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார். உப்பு குறைவு, மற்றபடி நன்றாகவே இருந்தது. அகத்திக்கு மட்டும் வேறு கூட்டம்: ஏகாதசிக்கு மறுநாள் காலையில் இரண்டு மூன்று பாட்டிகள், அப்புறம் அடுத்த துவாதசிவரை யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள்.

குறை இல்லாமல் இல்லை. முருங்கையும் அகத்தியும் மெத்தென்ற மரம். போன ஜூனில் சுமத்ரா தீவுப் பக்கமிருந்து அடித்த சூறைக்காற்றில் எங்கள் இரண்டு அகத்தியில் ஒன்று வேரோடு சாய்ந்தது, முருங்கையில் ஒரு கிளை முறிந்தது. பக்கத்தில் நடைபாதை இருந்ததால் குலை நடுங்கிவிட்டது. அன்றிலிருந்து எதையும் ஆளுயரத்துக்கு மேல் விடுவதில்லை. அப்படிக் கவாத்து செய்தால் முருங்கைக்காய் கிடைக்காது, சாம்பாருக்குத் தேக்காச் சந்தைக்குத்தான் போக வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், அதனால் மண்ணை முழங்கால் உயரம் மேடாக்கித்தான் நட்டோம். கறிவேப்பிலையில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு வரும். சின்னதில் பறவை எச்சம் மாதிரியே இருக்கும், விரல் வைத்த பிறகுதான் தெரியும். நாங்கள் மருந்து அடிப்பதில்லை. பாலர் பள்ளிப் பிள்ளைகள் வந்து டப்பாவில் எடுத்துப் போகிறார்கள்.

எங்கள் மரங்களுக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. ஐந்தாம் வருடம் வேர் வடிகாலை என்ன செய்யும், இப்படி வெட்டிக்கொண்டே இருந்தால் மரம் எத்தனை வருடம் தாங்கும் என்பதை நான் அனுபவத்தில் சொல்ல முடியாது. உங்கள் குழுவில் வயது குறைந்தவர்கள் பத்துப் பேர் தவறாமல் வருகிறார்கள் என்றால் கீரைப் பாத்தியே போடுங்கள். ஒரு சதுர மீட்டருக்குக் கிடைக்கும் தழை அதில்தான் அதிகம் என்பது என் கண்ணளவு. எதை வைப்பதானாலும் வசிப்போர் அமைப்பிடமும் நகர மன்றத்திடமும் கேட்டுவிட்டுக் குழி தோண்டுங்கள்.

பழத்தோட்டக் கட்சி இன்னும் ஓயவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் கொய்யாப் பேச்சு மறுபடி வருகிறது. ஒட்டுக்கன்று, அதுவும் ஒன்றே ஒன்று, காய்க்குப் பை கட்ட வருகிறவர் பெயரையும் வீட்டு எண்ணையும் தாளில் எழுதிக் கொடுத்தால் நானும் கை தூக்குவதாகச் சொல்லியிருக்கிறேன். தாள் இன்னும் வரவில்லை.