நீடாமங்கலம் இங்கிலீஷ் வகுப்பு: ‘மிதக்கும்’ புரிந்த நாள்

நீடாமங்கலத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். வயது 47. கம்பெனிக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவதெல்லாம் இங்கிலீஷில்தான் வரும். மேனேஜர் போனில் பேசினால் மகளிடம் கொடுத்துவிடுவேன். அவள் படிக்கக் கோயம்புத்தூர் போன பிறகு வேறு வழியில்லாமல் இந்த வகுப்பில் சேர்ந்தேன். கடைத்தெருவில் ஜவுளிக்கடை மாடியில் நடக்கிறது. சனி, ஞாயிறு மாலை 6 முதல் 7.30 வரை. மாதம் 800 ரூபாய்.

இதற்கு முன்னால் தஞ்சாவூரில் ஓர் இடத்தில் மூன்று மாதம் போனேன். அங்கே ‘இஃப் யூ ஹீட் ஐஸ், இட் வில் மெல்ட்’ என்று நான் எழுதினால் ‘வில்’லைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டு அடுத்த நோட்டுக்குப் போய்விடுவார்கள். எழுதியது ஏன் ஒத்துவரவில்லை என்று சொன்னதே இல்லை. ஆறாயிரம் கட்டியும் அந்த ஒரு சுழிதான் மிஞ்சியது.

இங்கே பாடம் எடுப்பவர் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டீச்சர். ‘இப்படிச் செய்தால் எப்போதும் இப்படித்தான் ஆகும்’ என்று ‘இஃப்’ போட்டுச் சொல்லும் ஸீரோ கண்டிஷனல் தொடங்கிய அன்று புத்தகத்தைத் திறக்கவே இல்லை. “தம்பி, உரக்கடையில இருக்கீங்க, விதை நேர்த்தி பத்திச் சொல்லுங்க” என்றார். உப்புத் தண்ணீரில் விதை நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும், நல்ல நெல் அடியில் தங்கும், உப்பு போதுமா என்று பார்க்க ஒரு முட்டையை விடுவோம் என்றேன். பலகையில் ‘மிதக்கும்’ என்று மட்டும் எழுதினார்.

“இப்ப கையில இருக்கிற இந்த முட்டையை விட்டா என்ன ஆகும்?”

“மிதக்கும் டீச்சர்.”

“எந்த முட்டையை, எந்த ஊர்ல, எப்ப விட்டாலும்?”

“மிதக்கும்.”

தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் போதும். நாளைக்கு நடக்கப்போவதும் என்றைக்கும் நடப்பதும் அந்த ‘உம்’முக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. இங்கிலீஷ்காரன் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறான். இந்த ஒரு முட்டை என்றால் ‘இட் வில் ஃப்ளோட்’. எந்த முட்டையும் என்றால் ‘இட் ஃப்ளோட்ஸ்’. மனசுக்குள் தமிழில் ‘மிதக்கும்’ என்று நினைப்பதால்தான் கை தானாக ‘வில்’ போடுகிறது. ‘வில்’ போட்டாலே தப்பு என்று இல்லை, அது குறிப்பது வேறு என்றார். இத்தனை வருடம் என்னைப் படுத்திய விஷயம் அரை மணி நேரத்தில் விளங்கியது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாக்கியம் கட்டிக்கொண்டே வந்தேன்.

எப்போதும் உண்மையாக இருப்பதற்கு இஃப் பக்கமும் சாதாரண நிகழ்காலம், மறு பக்கமும் அதே. நான் தடுமாறுவது ‘இட்’ வந்தால் வினையில் சேரும் ‘எஸ்’ஸில்தான். ‘இஃப் யூ டோன்ட் வாஷ் த சீட், இட் டஸன்ட் ஸ்ப்ரவுட் வெல்.’ உப்பில் போட்ட விதையை நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் முளைப்பு குறையும் என்பதை என் கடைக்கு வருகிறவர்களிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன். இங்கிலீஷில் சொன்னது அன்றுதான்.

ஊர் நடைமுறைக்கும் இதே அமைப்புதான். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மாட்டார்கள். அரசு தளர்வு கொடுத்தால் வேறு விஷயம். ‘இஃப் த மாய்ஸ்ச்சர் இஸ் அபவ் 17 பர்சென்ட், தே டோன்ட் டேக் இட்.’ பின் பெஞ்சில் இருந்த கல்லூரிப் பையன் ஒரே மூச்சில் சொன்னான். அவன் வீட்டு நெல் போன வருடம் சாலையில் காய்ந்ததாம்.

‘இஃப்’ இருக்கும் இடத்தில் ‘வென்’ வரலாமா என்று ஒருவர் கேட்டார். பொது உண்மைக்கு இரண்டும் சரி, ஆனால் ‘வென்’ போட்டால் அது கட்டாயம் வரும் என்று நம்பிப் பேசுவதாகத் தொனிக்கும் என்றார் டீச்சர். உதாரணமாக மேட்டூர் அணையை எடுத்தார். திறந்தால் தண்ணீர் மூன்று நாளில் கல்லணைக்கு வரும், நாம் நாற்று விடுவோம். ‘வென் மேட்டூர் ஓப்பன்ஸ்’ என்று அவர் எழுதியதும் என் பக்கத்தில் இருந்த பெரியவர், “டீச்சரம்மா, ‘இஃப்’னே போடுங்க” என்றார். ஜூன் 12 என்பது நாங்கள் நம்பிக் காத்திருக்கும் தேதி. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. டீச்சர் ‘வென்’னை அழித்துவிட்டு ‘இஃப்’ எழுதினார். வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

குறைகளும் சொல்ல வேண்டும். இந்தப் பாடத்துக்கு ஒரே ஒரு வகுப்புதான். மறுநாளே ‘வில்’ வரும் ஃபர்ஸ்ட் கண்டிஷனலுக்குப் போய்விட்டார்கள். என் மாதிரி ஆட்களுக்கு இன்னும் இரண்டு நாள் வேண்டும். கொடுத்த பயிற்சித் தாளில் பனிக்கட்டியும் பெங்குவினும்தான். டீச்சர் வாயால் சொன்ன நெல்லும் முட்டையும் தாளில் ஏறவில்லை. 30 பேருக்கு இரண்டு ஃபேன், சித்திரையில் உட்கார முடியாது. காசுக்கு மோசமில்லை, ஆனாலும் அந்தத் தாள்களை டீச்சரே எழுதித் தர வேண்டும் என்று நேரில் கேட்டிருக்கிறேன்.

சேருகிறவர்களுக்கு ஒன்று. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து வந்தால் 5.30-க்கே தாண்டிவிடுங்கள். கேட் போட்டால் முதல் 20 நிமிஷம் போய்விடும், அவர் பலகையில் எழுதுவதெல்லாம் அந்த 20 நிமிஷத்தில்தான்.